11 வயதுச் சிறுமி செய்த பரிசு

சிறு பிள்ளைகள் உள்ள வீட்டில் இது எல்லோருக்கும் தெரிந்த சங்கதி. அம்மாவுக்கு என்று குழந்தை காகிதத்தில் ஒரு பூ வரைந்து கொண்டு வரும். அப்பாவுக்கு என்று மணி கோத்துக் கொண்டு வரும். பூ கோணலாக இருக்கும். மணி நூலிலிருந்து நழுவும். ஆனாலும் தூக்கிப் போட மனம் வருமா? பீரோவுக்குள் எடுத்து வைக்கிறோம்.

அப்படி ஒரு சிறுமி தன் கையால் செய்த பரிசு ஒன்று, ஏறத்தாழ 480 ஆண்டுகளாகப் பத்திரமாக இருக்கிறது. இங்கிலாந்தில் ஆக்ஸ்போர்டு பல்கலைக்கழகத்தின் போட்லியன் நூலகத்தில் அதை வைத்திருக்கிறார்கள்.

அது ஒரு சின்னப் புத்தகம். உயரம் ஏழு அங்குலம், அகலம் ஐந்து அங்குலம் இருக்கும். அச்சடித்தது அல்ல. முதல் பக்கம் முதல் கடைசிப் பக்கம் வரை கையால் எழுதியது. அட்டை முழுவதும் நீலப் பட்டு நூலால் பூத்தையல் போட்டது.

எழுதி முடித்த தேதி 1544 டிசம்பர் 31. எழுதியவளுக்கு வயது 11. பெயர் எலிசபெத்.

பின்னாளில் இங்கிலாந்தின் ராணியாகி, 44 ஆண்டுகள் ஆண்ட முதலாம் எலிசபெத் இவள்தான்.

இந்த ராணிக்கும் நமக்கும் ஒரு தொடர்பு உண்டு. கிழக்கிந்தியக் கம்பெனிக்கு வியாபார உரிமை கொடுத்துச் சாசனம் வழங்கியவர் இவரே. அந்தக் கம்பெனிதான் 1640-ம் ஆண்டில் சென்னைக் கடற்கரையில் செயின்ட் ஜார்ஜ் கோட்டையைக் கட்டியது. சாசனம் வழங்கிய தேதி 1600 டிசம்பர் 31! சரியாக 56 ஆண்டுகளுக்கு முன்பு அதே தேதியில், அதே கை, ஒரு பரிசுப் புத்தகத்தை எழுதி முடித்திருந்தது.

யாருக்காக? பெற்ற தாய்க்காக அல்ல. அப்பாவின் ஆறாவது மனைவிக்காக!

ஆறு மனைவிகள்

எலிசபெத்தின் தந்தை எட்டாம் ஹென்றி மன்னர். அவர் ஆறு முறை கல்யாணம் செய்துகொண்டவர்.

முதல் மனைவி ஸ்பெயின் நாட்டு இளவரசி காதரீன். அவருக்குப் பிறந்த பிள்ளைகளில் தங்கியது மேரி என்ற ஒரே பெண். மன்னருக்கோ ஆண் வாரிசு வேண்டும். ராணியின் தோழிகளில் ஒருத்தியான ஆன் போலின் மீது அவர் மனம் சென்றது.

அந்தக் காலத்து இங்கிலாந்து அரண்மனையில் ஒரு வழக்கம் இருந்தது. தீபாவளிக்கு நாம் துணி எடுத்துக் கொடுப்பது போல, ஜனவரி முதல் தேதி எல்லோரும் மன்னருக்குப் பரிசு கொடுக்க வேண்டும். மன்னரும் திருப்பிக் கொடுப்பார். யார் என்ன கொடுத்தார்கள் என்று கணக்கு எழுதுவார்கள். தங்கம், வெள்ளிச் சாமான்களை எடை போட்டுக் குறித்துக்கொள்வார்கள். கல்யாண வீட்டு மொய் நோட்டுதான்!

1532-ம் ஆண்டு புத்தாண்டுக்கு, ஒதுக்கி வைக்கப்பட்டிருந்த காதரீன் ராணி கணவருக்கு ஒரு தங்கக் கிண்ணம் அனுப்பினார். மன்னர் அதை ஏற்க மறுத்துவிட்டார். அதே நாளில் ஆன் போலின் கொடுத்த வேட்டை ஈட்டிகளை மகிழ்ச்சியோடு வாங்கிக்கொண்டார்.

அந்த அரண்மனையில் ஒரு பரிசு என்றால் இதுதான் அர்த்தம். பரிசை வாங்கிக்கொண்டால் மனிதரையும் ஏற்றுக்கொண்டதாகப் பொருள். திருப்பி அனுப்பினால் உறவு முறிந்தது என்று பொருள். இதை நினைவில் வைத்துக்கொண்டு மேலே படியுங்கள்.

தாயை இழந்தாள்

ஆன் போலினை மன்னர் 1533-ம் ஆண்டு மணந்தார். அந்த ஆண்டு செப்டம்பர் 7-ந் தேதி குழந்தை பிறந்தது. மன்னர் எதிர்பார்த்தது ஆண். பிறந்தது பெண். அந்தக் குழந்தைதான் எலிசபெத்.

மூன்று ஆண்டு கூட ஆகவில்லை. ஆன் போலின் மீது கள்ளக்காதல் குற்றமும் ராஜத்துரோகக் குற்றமும் சாட்டினார்கள். 1536 மே 19-ந் தேதி லண்டன் கோட்டைக்குள் அவருடைய தலை வெட்டப்பட்டது. பதினோரு நாள் கழித்து மன்னர் அடுத்த கல்யாணம் செய்துகொண்டார்.

அப்போது எலிசபெத்துக்கு வயது இரண்டே முக்கால். அம்மா எங்கே என்று கேட்கத் தெரியும். பதிலைப் புரிந்துகொள்ளத் தெரியாது.

தாய் போனதோடு முடியவில்லை. அவள் சட்டப்படி பிறந்த மகள் அல்ல என்று அறிவித்தார்கள். "இளவரசி" என்ற பட்டத்தையும் பறித்தார்கள். வாரிசு உரிமையும் போயிற்று.

குழந்தையை வளர்த்து வந்தவர் பிரையன் சீமாட்டி. அந்த ஆண்டு கோடையில் அவர் மன்னரின் மந்திரிக்கு எழுதிய கடிதம் இன்றும் இருக்கிறது. படித்தால் நெஞ்சு கனக்கும். குழந்தை வளர்ந்துவிட்டது, பழைய உடை எதுவும் போதவில்லை, மேலங்கி இல்லை, உள்பாவாடை இல்லை, துணி ஏதாவது கொடுத்து அனுப்புங்கள் என்று அவர் கெஞ்சிக் கேட்டிருக்கிறார். ஒரு நாட்டு மன்னரின் மகளுக்குப் பாவாடை இல்லை!

மூன்றாவது மனைவி ஜேன் சீமோர், எட்வர்டு என்ற ஆண் பிள்ளையைப் பெற்றார். பன்னிரண்டு நாளில் இறந்துபோனார். நான்காவது மனைவியை மன்னர் சில மாதத்தில் விலக்கிவிட்டார். ஐந்தாவது மனைவி காதரீன் ஹோவர்டு, ஆன் போலினின் உறவுக்காரப் பெண். 1542-ம் ஆண்டு அவருடைய தலையும் வெட்டப்பட்டது. அப்போது எலிசபெத்துக்கு எட்டு வயது. இந்த முறை எல்லாம் புரிந்திருக்கும்.

தம்பிக்குச் சட்டை

எலிசபெத்தைப் போன்ற குழந்தைக்குத் தங்கக் கிண்ணம் வாங்கிக் கொடுக்கக் காசு ஏது? ஆனால் ஊசி பிடிக்கத் தெரியும். ஐந்து, ஆறு வயதில் அவள் தம்பி எட்வர்டுக்கு ஒரு புத்தாண்டுப் பரிசு கொடுத்தாள். மெல்லிய வெள்ளைத் துணியில் ஒரு சட்டை. அவள் கையாலேயே தைத்தது என்று பரிசுக் கணக்கில் எழுதி வைத்திருக்கிறார்கள்.

இந்தத் தம்பி யார்? அவளுடைய தாய் இறந்த பின் வந்தவருக்குப் பிறந்தவன். அவன் பிறப்பதற்கு முன்பே அவள் பின்னுக்குத் தள்ளப்பட்டிருந்தாள். பெரியவர்களாக இருந்தால் இதையெல்லாம் கணக்குப் பார்த்திருப்பார்கள். குழந்தை சட்டை தைத்தது.

வந்தார் சிற்றன்னை

1543 ஜூலை 12-ந் தேதி மன்னர் ஆறாவது கல்யாணம் செய்துகொண்டார். மணமகள் காதரீன் பார். வயது 31. மணமகனுக்கு 52.

காதரீன் பார் ஏற்கனவே இரண்டு கணவர்களை இழந்தவர். இரண்டாவது கணவருக்கு முன்பே இரண்டு பிள்ளைகள் இருந்தார்கள். அந்தப் பிள்ளைகளை வளர்த்தவர் இவர்தான். மூத்தாள் பிள்ளைகளோடு பழகுவது அவருக்குப் புதிதல்ல. அவரே ஐந்து வயதில் தந்தையை இழந்தவர். படிப்பில் மிகுந்த ஆசை உள்ளவர்.

கல்யாணத்துக்கு எலிசபெத்தும் அக்காள் மேரியும் வந்திருந்தார்கள். அடுத்த ஆண்டு ஒரு சட்டம் வந்தது. எட்வர்டுக்குப் பின் மேரி, மேரிக்குப் பின் எலிசபெத் என்று வாரிசு வரிசையில் இரண்டு பெண்களுக்கும் மறுபடி இடம் கிடைத்தது. சட்டப்படி பிறந்தவர்கள் என்ற பெயர் மட்டும் திரும்பக் கிடைக்கவில்லை. பாதி வீட்டுக்குள், பாதி வாசலில் நின்ற கதைதான்.

சிற்றன்னை வந்தார் என்பதற்காகச் சிறுமி உடனே அவர் மடிக்குப் போய்விடவில்லை. அரண்மனைப் பிள்ளைகளுக்குத் தனித்தனி மாளிகை, தனித்தனி வேலைக்காரர்கள். 1544 ஜூலை 31-ந் தேதி எலிசபெத் சிற்றன்னைக்கு ஒரு கடிதம் எழுதினாள். இத்தாலிய மொழியில்! தான் கற்ற பாடத்தைக் காட்டும் ஆசை. அவள் எழுதிய கடிதங்களில் இன்று நமக்குக் கிடைப்பவற்றில் இதுதான் முதல் கடிதம்.

ஒரு வருஷமாக உங்களைப் பார்க்க முடியவில்லையே என்று அதில் வருந்தியிருக்கிறாள். இன்னொன்றும் எழுதியிருக்கிறாள். அப்போது மன்னர் பிரான்சில் போர் நடத்திக்கொண்டிருந்தார். நாட்டை ராணியிடம் ஒப்படைத்துப் போயிருந்தார். நீங்கள் மன்னருக்கு எழுதும்போது என்னைப் பற்றியும் ஒரு வார்த்தை எழுதுங்கள், அவருடைய ஆசியை எனக்கு வாங்கிக் கொடுங்கள் என்று கேட்கிறாள். ஏன், அவளே எழுதக்கூடாதா? அவருக்கு எழுத இதுவரை எனக்குத் துணிவு வரவில்லை என்கிறாள்.

பெற்ற அப்பாவுக்குக் கடிதம் எழுதப் பயம்! அப்பாவுக்கும் மகளுக்கும் நடுவில் ஒரு பாலம் வேண்டும். அந்தப் பாலம் இந்தச் சிற்றன்னைதான் என்று குழந்தை கண்டுகொண்டது.

அந்தக் கோடையிலேயே பிரிவு தீர்ந்தது. எலிசபெத் ராணியுடன் போய்த் தங்கினாள். பிறகு மறுபடி பிரிவு. ஆண்டு முடியும்போது அவள் ஆஷ்ரிட்ஜ் என்ற ஊரில் இருந்த மாளிகையில் இருந்தாள். புத்தாண்டு வந்துகொண்டிருந்தது. சிற்றன்னைக்கு என்ன கொடுப்பது?

பேனாவும் ஊசியும்

பிரெஞ்சு மொழியில் ஒரு நீண்ட பாட்டு இருந்தது. எழுதியவர் நவார் நாட்டு ராணி மார்கரெட். பிரெஞ்சு மன்னரின் அக்காள். பாட்டில் ஆயிரத்து நானூறு வரிகளுக்கு மேல் உண்டு. பாவம் செய்த ஓர் ஆத்மா கண்ணாடியில் முகம் பார்ப்பது போலத் தன்னையே பார்த்து, கடவுளிடம் மன்றாடுவதுதான் பாட்டு.

அந்தப் பாட்டு முழுவதையும் ஆங்கிலத்தில், வசன நடையில் மொழிபெயர்த்து, சிற்றன்னைக்குக் கொடுப்பது என்று 11 வயதுப் பெண் முடிவு செய்தாள்! நம் வீட்டில் ஆறாம் வகுப்பு படிக்கிற பிள்ளையை நினைத்துப் பாருங்கள்.

முதலில் பிரெஞ்சு வரியைப் படிக்க வேண்டும். பொருள் தெரிய வேண்டும். ஆங்கிலத்தில் சொல்ல வேண்டும். பிறகு நல்ல பிரதி எடுக்க வேண்டும். பால் பாயிண்டு பேனா அல்ல. இறகுப் பேனா. அடிக்கொரு தடவை மையில் தோய்க்க வேண்டும். நூறு பக்கத்துக்கு மேல் அவள் எழுதினாள். இத்தாலியில் இருந்து புதிதாக வந்திருந்த எழுத்து முறையில், ஒவ்வொரு எழுத்தாக, பள்ளிக்கூடப் பிள்ளை காப்பி எழுதுவது போல எழுதியிருக்கிறாள்.

எழுதி முடித்ததும் அட்டை. கித்தான் துணி. அதன் மேல் இடைவெளி தெரியாமல் வெளிர் நீலப் பட்டு நூல். நீலத்தின் மேல் தங்கச் சரிகையும் வெள்ளிச் சரிகையும் ஒன்றோடு ஒன்று பின்னிச் செல்லும் கோலம். கம்பிக் கோலம் போட்டுப் பழகிய நம் பெண்கள் அதைப் பார்த்தால் உடனே வியப்பார்கள். கோடு எங்கே தொடங்குகிறது, எங்கே முடிகிறது என்று கண்டுபிடிக்க முடியாது.

நடுவில் "கே", "பி" என்ற இரண்டு ஆங்கில எழுத்துக்கள். காதரீன் பார் என்ற பெயரின் முதல் எழுத்துக்கள்.

நான்கு மூலையிலும் நான்கு பூக்கள். ஊதாவும் மஞ்சளும் கலந்த சின்னப் பூ. ஆங்கிலேயர் அந்தப் பூவுக்கு வைத்திருந்த பழைய பெயருக்கு "மன ஆறுதல்" என்று பொருள்.

இந்த அட்டையை எலிசபெத்தே தைத்தாள் என்பதுதான் நீண்ட காலமாக எல்லோரும் சொல்லி வருவது. இவ்வளவு கடினமான வேலையைச் சிறுமி தனியாகச் செய்திருப்பாளா என்று ஐயப்படுகிற அறிஞர்களும் உண்டு. பெரியவர் யாராவது கூட உட்கார்ந்து உதவியிருக்கலாம். இருந்தால்தான் என்ன? ஐந்து வயதில் சட்டை தைத்த விரல்கள் அவை.

நடுங்க வைக்கும் இடம்

இனி உள்ளே இருக்கும் விஷயத்துக்கு வருவோம். பரிசு என்றால் இனிப்பான விஷயமாக அல்லவா இருக்க வேண்டும்? இந்தப் புத்தகம் அப்படி அல்ல.

பாட்டில் ஆத்மா தன்னைக் கடவுளின் மகள் என்கிறது. சகோதரி என்கிறது. தாய் என்கிறது. மனைவி என்கிறது. ஒவ்வோர் உறவிலும் தான் துரோகம் செய்ததாகச் சொல்லி அழுகிறது. கடவுள் ஒவ்வொரு முறையும் மன்னித்து ஏற்றுக்கொள்கிறார். அப்பா, மகள், தாய், சகோதரன், கணவன், மனைவி! முழுப் பாட்டும் ஒரு குடும்பக் கதை போலத்தான் இருக்கிறது.

அதில் ஓர் இடம் வருகிறது. தவறு செய்த மனைவியை எந்தக் கணவன் மன்னித்திருக்கிறான் என்று பாட்டு கேட்கிறது. மன்னிப்பது இருக்கட்டும், பழி தீர்ப்பதற்காக நீதிபதிகளைக் கொண்டு மனைவிக்கு மரண தண்டனை வாங்கிக் கொடுத்த கணவன்மார்கள் ஏராளம் என்று சொல்கிறது.

இதை மொழிபெயர்த்தவள் யார்? ஆன் போலினின் மகள்! நீதிபதிகள் தீர்ப்பளித்து, தாயின் தலை போன பெண். யாருக்காக மொழிபெயர்த்தாள்? அதே கணவரின் இப்போதைய மனைவிக்காக. இதற்கு முன் இரண்டு ராணிகளின் தலை போயிருக்கிறது. அந்த இடத்தில் இப்போது உட்கார்ந்திருப்பவருக்காக.

அவள் அந்த இடத்தைத் தாண்டிப் போய்விடவில்லை. நிறுத்தி நிதானமாக ஆங்கிலத்தில் எழுதி வைத்திருக்கிறாள். அந்த வரியை எழுதும்போது இறகுப் பேனா நடுங்கியதா? கையெழுத்தில் அப்படி எதுவும் தெரியவில்லை. அந்தச் சிறுமி அந்த வயதிலேயே தன்னை அடக்கிக்கொள்ளக் கற்றிருந்தாள் என்றுதான் எனக்குத் தோன்றுகிறது.

"பிழை இருந்தால் திருத்துங்கள்"

புத்தகத்தின் முன்னால் ராணிக்கு ஒரு கடிதம் இருக்கிறது. அதில் எலிசபெத் தன்னை ராணியின் "மகள்" என்றே குறிப்பிடுகிறாள். "சிற்றன்னை", "மாற்றாந்தாய்" என்ற பேச்சே இல்லை.

இரும்புச் சாமானைப் பயன்படுத்தாமல் வைத்தால் துருப்பிடித்துவிடும், அறிவும் அப்படித்தான், அதனால்தான் இந்த வேலையில் இறங்கினேன் என்று பெரிய மனுஷி போலத் தொடங்குகிறாள். போகப் போகக் குழந்தை வெளியே வந்துவிடுகிறது.

என் சின்ன அறிவுக்கு எட்டிய அளவில் செய்திருக்கிறேன் என்கிறாள். பல இடங்களில் சரியாக வரவில்லை, எனக்கே தெரிகிறது என்கிறாள். தவறான சொற்களை நீங்கள் அழித்துத் திருத்திச் செப்பனிட வேண்டும் என்று கேட்டுக்கொள்கிறாள். கடைசியாக ஒரு வேண்டுகோள். நீங்கள் திருத்தி முடிக்கும் வரை வேறு யாருக்கும் காட்டாதீர்கள், என் தவறுகள் பலருக்குத் தெரிந்துவிடும் என்கிறாள்.

தன் தவறு பிறருக்குத் தெரியக்கூடாது என்று நினைக்கிற பிள்ளை, ஒரே ஒருவரிடம் மட்டும் அதைக் காட்டத் துணிகிறது. அந்த ஒருவர் யார்? வீட்டில் பெரும்பாலும் அது அம்மாவாகத்தான் இருக்கும்.

அப்பாவுக்கும் ஒரு பரிசு

காதரீன் பார் அந்தப் பரிசைத் தள்ளவில்லை. அதற்குச் சாட்சி அடுத்த ஆண்டு என்ன நடந்தது என்பதுதான்.

1545-ம் ஆண்டு காதரீன் பார் ஜெபங்களைத் தொகுத்து ஒரு புத்தகம் வெளியிட்டார். இங்கிலாந்து ராணி ஒருவர் தம் பெயரிலேயே அச்சிட்டு வெளியிட்ட முதல் புத்தகம் அது.

அந்த டிசம்பரில் எலிசபெத் ஒரு காரியம் செய்தாள். சிற்றன்னையின் ஜெபங்களை எடுத்துக்கொண்டாள். லத்தீனிலும் பிரெஞ்சிலும் இத்தாலியனிலும் மொழிபெயர்த்தாள். மூன்றையும் ஒரே புத்தகமாக எழுதி, புத்தாண்டுப் பரிசாக அப்பாவுக்கு அனுப்பினாள்! முந்தின ஆண்டு கடிதம் எழுதவே துணிவில்லாத அதே அப்பாவுக்கு. மூன்று மொழி படித்த அறிவையும் காட்டியாயிற்று. அவர் மனைவியின் பெருமையையும் சொல்லியாயிற்று.

இந்தப் புத்தகம் முதல் புத்தகத்தைவிடச் சிறியது. அட்டை சிவப்புப் பட்டு நூல். அதன் மேல் எழுத்துக்களை ஒன்றோடு ஒன்று பின்னித் தைத்த பெரிய முத்திரை. அப்பா ஹென்றிக்கு உரிய எழுத்தும் சிற்றன்னை காதரீனுக்கு உரிய எழுத்தும் அதில் இருக்கின்றன. இங்கேயும் மூலைகளில் அதே "மன ஆறுதல்" பூக்கள்.

அப்பா ஒருவர். அவருடைய மனைவி ஒருவர். நடுவில் ஊசியோடு மகள். மூன்று பேரும் ஒரே அட்டைக்குள் வந்துவிட்டார்கள். அந்தக் குடும்பத்தில் வேறு எங்கும் அவர்கள் இவ்வளவு நெருங்கி இருந்ததில்லை.

புத்தகத்தின் முன்னால் அப்பாவுக்கு லத்தீனில் ஒரு கடிதம். ஹென்றி மன்னருக்கு எலிசபெத் எழுதியவற்றில் இன்று மிஞ்சியிருப்பது இது ஒன்றே ஒன்றுதான்.

அந்த ஆண்டு சிற்றன்னையையும் அவள் மறக்கவில்லை. கால்வின் என்ற பிரெஞ்சு மத அறிஞரின் நூலில் முதல் அத்தியாயத்தை ஆங்கிலத்தில் எழுதி, அதற்கும் பூத்தையல் அட்டை போட்டுக் கொடுத்தாள். ஒரே மாதத்தில் இரண்டு புத்தகங்கள்! விரல் என்ன ஆகியிருக்குமோ!

ரகசியம் வெளியானது

1547 ஜனவரி 28-ந் தேதி ஹென்றி மன்னர் இறந்தார். எலிசபெத்துக்கு 13 வயது. காதரீன் பார் அவளைத் தம் வீட்டுக்கே அழைத்துக்கொண்டார். லண்டனை அடுத்த செல்சியில் இருந்த மாளிகை அது. ஆசைப்பட்ட வீடு கடைசியில் கிடைத்தது.

ஆனால் நிலைக்கவில்லை. காதரீன் பார் விரைவிலேயே தாமஸ் சீமோர் என்ற பிரபுவை மணந்துகொண்டார். ஹென்றி மன்னருக்கு முன்பே அவர் மணக்க நினைத்தவர் இந்த சீமோர்தான். அந்த மனிதர் வீட்டில் இருந்த வளர்ந்த பெண்ணிடம் நடந்துகொண்ட முறை சரியில்லை. ஊர் பேசத் தொடங்கியது. 1548-ம் ஆண்டு எலிசபெத்தை வேறு இடத்துக்கு அனுப்ப வேண்டியதாயிற்று.

அதே ஆண்டில் இன்னொன்றும் நடந்தது. யாருக்கும் காட்டாதீர்கள் என்று அவள் கேட்டுக்கொண்ட அந்த முதல் மொழிபெயர்ப்பு அச்சில் வந்துவிட்டது! ஜான் பேல் என்ற ஆங்கிலேய எழுத்தாளர், ஜெர்மனியில் இருந்துகொண்டு அதைப் புத்தகமாக வெளியிட்டார். 11 வயதில் செய்த வேலை ஊருக்கெல்லாம் தெரிந்தது.

வீட்டை விட்டுப் போன பிறகு எலிசபெத் சிற்றன்னைக்கு நன்றிக் கடிதம் எழுதினாள். விடைபெறும்போது அதிகம் பேச முடியவில்லை, துக்கம் தொண்டையை அடைத்தது என்ற பாவனையில் எழுதியிருக்கிறாள். ஒரு விஷயத்தை மட்டும் குறிப்பாகச் சொல்லி நன்றி தெரிவித்தாள். உன்னைப் பற்றித் தவறாக ஏதாவது என் காதில் விழுந்தால் உனக்குச் சொல்லி எச்சரிப்பேன் என்று காதரீன் பார் புறப்படும் நேரத்தில் கூறியிருந்தார். வேண்டாத பிள்ளையிடம் யாரும் அப்படிச் சொல்ல மாட்டார்கள் என்று அவள் எண்ணினாள்.

நான்கு ஆண்டுகளுக்கு முன் புத்தகத்தோடு அவள் கேட்டதும் இதைத்தானே? தவறு இருந்தால் நீங்கள் சொல்லித் திருத்துங்கள், வேறு யாருக்கும் வேண்டாம் என்றுதானே?

1548 செப்டம்பர் 5-ந் தேதி காதரீன் பார் பிரசவத்துக்குப் பின் காய்ச்சல் கண்டு இறந்தார். இரண்டு நாள் கழித்து எலிசபெத்துக்கு 15 வயது நிறைந்தது.

ராணி ஆன பிறகு

தம்பி எட்வர்டு மன்னரானார். இளவயதில் இறந்தார். அக்காள் மேரி ராணியானார். அவரும் இறந்தார். 1558 நவம்பர் 17-ந் தேதி எலிசபெத் ராணியானார்.

இப்போது பரிசு கொடுப்பது அவர் முறை அல்ல, வாங்குவது. ஒவ்வொரு புத்தாண்டுக்கும் பிரபுக்களும் சீமாட்டிகளும் பொற்காசுப் பைகளும் நகைகளும் பூத்தையல் போட்ட உடைகளும் கொண்டுவந்து குவித்தார்கள். எல்லாவற்றையும் கணக்கில் எழுதினார்கள்.

மொழிபெயர்க்கும் பழக்கம் மட்டும் ராணியை விட்டுப் போகவில்லை. 1593-ம் ஆண்டு, 60 வயதில், போயத்தியஸ் என்ற ரோமானிய அறிஞரின் நூலை லத்தீனில் இருந்து ஆங்கிலத்தில் பெயர்த்தார். ஆனால் கையெழுத்து? ஐயோ, கிறுக்கல்! அந்தக் கிறுக்கலே இந்தக் காலத்தில் ஓர் உதவி செய்தது. லண்டன் லாம்பெத் அரண்மனை நூலகத்தில் இருந்த ஒரு பழைய மொழிபெயர்ப்பு யாருடையது என்று வெகு காலம் தெரியாமல் இருந்தது. அதில் கண்ட திருத்தங்களின் மோசமான கையெழுத்தை வைத்து, அது எலிசபெத் ராணியின் வேலை என்று 2019-ம் ஆண்டு ஆராய்ச்சியாளர் ஒருவர் அறிவித்தார். சிற்றன்னைக்காக ஒவ்வொரு எழுத்தாக அழகாக எழுதிய அதே கைதான்!

ராணி அணிந்ததாகச் சொல்லப்படும் மோதிரம் ஒன்றும் இருக்கிறது. அது ஒரு சிமிழ் போலத் திறக்கும். உள்ளே இரண்டு சின்னப் படங்கள். ஒன்று எலிசபெத். மற்றது ஆன் போலின் என்று கருதுகிறார்கள். பெற்ற தாயைப் பற்றி வெளியே அதிகம் பேசாத மகள், விரலில் வைத்திருந்திருக்கிறாள்.

1603 மார்ச் 24-ந் தேதி எலிசபெத் ராணி காலமானார். திருமணம் செய்துகொள்ளவில்லை. பிள்ளைகள் இல்லை.

அவர் சிறுவயதில் செய்த மூன்று புத்தகங்களும் இன்று மூன்று நகரங்களில் இருக்கின்றன. அப்பாவுக்குச் செய்த சிவப்புப் புத்தகம் லண்டனில், பிரிட்டிஷ் நூலகத்தில். 1545-ல் சிற்றன்னைக்குச் செய்தது ஸ்காட்லாந்தில், எடின்பரோ நகரத்து ஆவணக் காப்பகத்தில். முதல் நீலப் புத்தகம் ஆக்ஸ்போர்டில்.

நீலம் மங்கிவிட்டது. பட்டு நூல் பல இடங்களில் தேய்ந்திருக்கிறது. மூலைப் பூக்களில் ஊதா எது, மஞ்சள் எது என்று உற்றுப் பார்க்க வேண்டும். நடுவில் உள்ள "கே", "பி" மட்டும் நன்றாகத் தெரிகின்றன.